சீனம் தெரிந்த வீட்டுக்காரர்

எங்கள் வீட்டுக்காரர் பிரிட்டோவுக்குச் சீன மொழி தெரியும் என்ற செய்தி, எனக்குத் தெரிவதற்கு முன்னால் எங்கள் ஊர் செல்லிப்பட்டு முழுக்கத் தெரிந்துவிட்டது. பால் வாங்கப் போன இடத்தில், "இன்னா ஜோஸ்பினு, உங்க வூட்டுக்காரரு சைனீஸ்லாம் பேசறாராமே?" என்று கேட்டார்கள். அந்த மனிதர் என்னோடு தமிழிலேயே அளந்துதான் பேசுவார். அவர் எப்போது சீனம் பேசினார், யாரோடு பேசினார் என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து கேட்டேன். கைபேசியை எடுத்துக் காட்டினார். அதில் சீன அகராதி ஆப் ஒன்று இருந்தது. அதை இறக்கியதே முந்தின நாள்தான்.

நாங்கள் இரண்டு பேரும் திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு பினாயில் கம்பெனியில் வேலை செய்கிறோம். அவர் ஸ்டோர்ஸில் பர்மனென்ட். நான் லைனில் பாட்டிலுக்கு மூடி போடும் இடத்தில் கான்ட்ராக்ட். சீனாவிலிருந்து புது மெஷின் ஒன்று வரப்போகிறது, பயிற்சிக்கு ஒருவரை அந்த ஊருக்கே அனுப்பப்போகிறார்கள் என்று கம்பெனியில் பேச்சு கிளம்பியிருந்தது. அந்தப் பேச்சைக் கேட்ட அன்று சாயந்திரமே இவர் ஆப்பை இறக்கிவிட்டார்.

"ஏ ஜோசு, பிரெஞ்சுக்காரன் இந்த ஊர ஆண்ட காலத்துல பிரெஞ்சு கத்துக்கினவன்லாம் கப்பலேறிப் போய்ட்டான். எங்க தாத்தா மட்டும் நாலு வார்த்த பிரெஞ்சு கத்துக்கினு இருந்தாருன்னா, இன்னிக்கு நீ பாரீசுல ரொட்டி வாங்கிகினு இருப்ப. அவரு பண்ண தப்ப நான் பண்ண மாட்டேன்" என்றார்.

தாத்தா செய்த தப்பு எத்தனையோ. அதில் இது ஒன்றுதான் இவர் கண்ணுக்குப் பட்டது.

அந்த ஆப்பைப் பற்றிக் குறை சொல்ல மாட்டேன். ஆங்கிலத்தில் ஒரு வார்த்தையைத் தட்டினால் சீன எழுத்து வரும். பக்கத்தில் இருக்கும் ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டால் ஒரு பெண் அழகாக உச்சரித்துக் காட்டுவாள். எழுத்து தெரிந்து வார்த்தை தெரியாவிட்டால் விரலாலேயே வரைந்து தேடலாம், கேமராவைக் காட்டினாலும் படித்துச் சொல்லும். யாரோ நல்ல மனதோடு செய்த பொருள். அது எங்கள் வீட்டுக்காரர் கையில் சிக்கியது அதன் கெட்ட நேரம்.

அகராதி என்பது வேண்டிய வார்த்தையைத் தேடிப் பார்ப்பதற்கு என்று இவருக்குத் தோன்றவே இல்லை. பத்தாம் வகுப்பில் வரலாற்றுப் பாடத்தை எப்படிப் படித்தாரோ அப்படியே முதல் வார்த்தையிலிருந்து உருப்போட ஆரம்பித்தார். கிணற்றடியில் ஒரு பாட்டம், வண்டி ஓட்டும்போது ஒரு பாட்டம், சாப்பிடும்போது வாயில் சோற்றோடு ஒரு பாட்டம். நடுவிலிருந்து ஒரு வார்த்தையைக் கேட்டால் சொல்லத் தெரியாது. ஆரம்பத்திலிருந்து ஓட்டிக்கொண்டு வந்தால்தான் அந்த இடம் வரும். "சோத்துக்கு இன்னாங்க?" என்று ஒரு நாள் கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டே வந்தவர், கடைசியில், "அது இன்னும் வரல. நான் இன்னும் பி-யிலதான் இருக்கேன்" என்றார்.

ஆப்பில் உச்சரிப்புப் பயிற்சியும் உண்டு. அது ஒரு வார்த்தையைச் சொல்லும், நாம் திருப்பிச் சொன்னால் மார்க் போடும். இவர் முக்கி முக்கிச் சொல்லுவார், ஃபெயில் மார்க்தான் வரும். ஒரு நாள் காயப்போட்ட மிளகாயில் ஆடு வாய் வைக்கப் போனது. நான் அடுப்படியிலிருந்து அதை விரட்டி ஒரு சத்தம் போட்டேன். ஆப் அதைக் கேட்டுவிட்டு 'மிக நன்று' என்று பச்சை விளக்கு காட்டியது. அன்றிலிருந்து அவர் பயிற்சி செய்யும்போது நான் வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு.

இதற்குள் ஊர் அவரைப் பண்டிதராக்கிவிட்டது. அவரது பிறந்தநாளுக்கு வில்லியனூர் போகும் ரோட்டில் பையன்கள் பேனர் வைத்தார்கள். 'சீனம் கற்ற சிங்கமே' என்று போட்டு, கூலிங்கிளாஸ் மாட்டிய இவர் படம், பின்னால் சீனப் பெருஞ்சுவர். அந்தச் சுவர் மேல் படம் எடுத்த கம்பெனிக்காரனின் பெயர் குறுக்கே குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது. பங்குச் சாமியார்கூடப் பூசை முடிவில், நம் பங்கைச் சேர்ந்த ஒருவர் அயல்நாட்டு மொழியில் புலமை பெற்றிருப்பது மகிழ்ச்சி என்று அறிவித்தார். நான் தலையில் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டேன். இவர் எழுந்து நின்று நாலு பக்கமும் கும்பிட்டார்.

ஊர் ஏமாந்தால் போகட்டும். எங்கள் மேனேஜர் செல்லப்பன் சாரும் சேர்ந்து ஏமாந்தார். மெஷினோடு அதைப் பொருத்திக் கொடுக்கச் சீனாவிலிருந்து ஒரு ஆள் வருவதாகத்தான் ஏற்பாடு. சார் என்ன செய்தார் தெரியுமா? அதெல்லாம் தேவையில்லை, எங்களிடமே சீன மொழி கற்ற ஊழியர் இருக்கிறார், நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று ஹெட் ஆபீசுக்கு மெயில் போட்டார். ஹெட் ஆபீஸ் பாராட்டி பதில் போட்டது. அந்தப் பதிலைப் பிரிண்ட் எடுத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டிவைத்தார்கள்.

மெஷின் ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் வந்து இறங்கியது. பெரிய அண்டா மாதிரி ஒன்று ஸ்பிரிங் மேல் உட்கார்ந்திருக்கும். மூடிகளைக் கொட்டினால் அண்டா அதிர்ந்து அதிர்ந்து அவற்றை நிமிர்த்தி, வரிசையாகப் பாட்டில் பக்கம் தள்ளிவிடும். அண்டாவைச் சுற்றி நான்கு இடத்தில் சிவப்புப் பெயின்ட் அடித்த இரும்புக் கொக்கிகள் இருந்தன. அதற்கு மேலே, நெற்றி மாதிரியான இடத்தில், சிவப்பு எழுத்தில் ஒரு சீனத் தகடு.

எங்கள் ஃபோர்மேன் நடேசண்ணன் பக்திமான். புது மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். பார்த்துவிட்டு, "பாரேன், சைனாக்காரன் எவ்ளோ விவரமா மால கட்றதுக்குன்னே கொக்கி வெச்சி அனுப்பியிருக்கான்! அதுக்கு சிவப்பு பெயின்ட் வேற" என்று கண் கலங்கினார். நான்கு கொக்கியிலும் சாமந்தி மாலை கட்டினார். நெற்றித் தகடு முழுக்கச் சந்தனத்தை அப்பி நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் குங்குமம் வைத்தார். செல்லப்பன் சார் தேங்காய் உடைத்தார். எங்களுக்கெல்லாம் பொரி கொடுத்தார்கள். நானும் வாங்கித் தின்றேன்.

மறுநாள் மெஷினை ஓட்டும் முன்னால் சாருக்கு ஒரு சந்தேகம் வந்தது. "அந்தத் தகட்டுல என்ன எழுதியிருக்கு, பிரிட்டோ? கொஞ்சம் படிச்சிச் சொல்லுங்க" என்றார். லைனில் இருந்த பெண்கள், லோடுமேன், செக்யூரிட்டி எல்லோரும் சுற்றி நின்றோம்.

இவர் கைபேசியை நீட்டினார். ஆப் சந்தனத்தைப் பார்த்தது. பார்த்துக்கொண்டே இருந்தது. திரையில் வட்டம் சுற்றியதே தவிர ஒன்றும் வரவில்லை.

"அண்ணே, சந்தனத்த லேசா தொடைச்சிட்டா..." என்று இவர் இழுத்தார்.

நடேசண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. "பூஜ பொட்ட அடுத்த பூஜ வரைக்கும் யாரும் தொடக் கூடாது. உனக்குத்தான் சைனீஸ் தெரியும்ல, அப்புறம் இன்னாத்துக்கு ஃபோனு? ஓரத்துல எழுத்து தெரியுதுல்ல, அத வெச்சிப் படி" என்றார்.

அத்தனை பேரும் இவர் வாயையே பார்த்தார்கள். இந்த இடத்தில், தெரியவில்லை சார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. இவர் தொண்டையைச் செருமினார். தலையைச் சாய்த்துத் தகட்டின் ஓரத்தைப் பார்த்தார். "'பாதுகாப்பே முதன்மை. ஒற்றுமையாக உழைப்போம்'னு போட்டிருக்கு சார்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். சீனாக்காரன் ஒற்றுமையைப் பற்றி எழுதியிருக்கிறானே என்று செக்யூரிட்டி பக்கத்தில் இருந்தவரிடம் ஆச்சரியப்பட்டார்.

ஸ்விட்சைப் போட்டேன். மெஷின் போட்ட ஆட்டத்தில் தரையே அதிர்ந்தது. மாலையிலிருந்து பூ உதிர்ந்து மூடிகளுக்குள் விழுந்தது. வந்த மூடிகளில் பாதி கோணல், பாதி தலைகீழ். பாட்டிலை நிமிர்த்தினால் பினாயில் ஒழுகியது. புது மெஷின், போகப் போகப் பழகிவிடும் என்றார் சார். அது பழகவில்லை. எனக்குத்தான் முழங்கையிலிருந்து தோள் வரை மரத்துப்போகப் பழகியது. பக்கத்தில் நிற்கும் சுகன்யா, "அக்கா, இது மூடி போடற மெஷினா, மாவாட்டற மெஷினா?" என்று கேட்பாள். எனக்குச் சிரிப்பு வராது.

பாட்டில் ஒழுகுகிறது என்று வெளியிலிருந்து புகார் வந்ததும் மெமோ வந்தது. அது என் பெயருக்கு வந்தது. பிறகு இன்னொன்று. சீனாவிலிருந்து வந்த மெஷின் தப்பு செய்யாது, படித்துச் சொன்னவர் தப்பு செய்திருக்க மாட்டார், பூஜையும் முறைப்படி நடந்திருக்கிறது. பிறகு யார் மேல் தப்பு? ஓட்டுகிறவள் மேல். "உனக்குக் கைப்பக்குவம் இல்லம்மா" என்றார் செல்லப்பன் சார். கிறிஸ்துமசுக்கு முன்னால் சீனாவிலிருந்து இன்ஜினியர் ஒருவர் வந்து பார்ப்பார், ஆபரேட்டர் தப்பு என்று அவர் எழுதிவிட்டால் என்னை நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லை என்றும் சொல்லிவிட்டார்.

அந்த வேலை எனக்கு எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். காலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்காரும்போது நான் யாருடைய மனைவியும் இல்லை, யாருடைய மருமகளும் இல்லை. லைனில் ஜோஸ்பின் என்றால் ஜோஸ்பின்தான். நான் போகும் வேகத்துக்குத்தான் மற்றவர்கள் பாட்டில் தள்ளுவார்கள். நான் சுகமில்லாமல் லீவு போட்டால் அன்று லைனில் முணுமுணுப்பாக இருக்கும் என்று சுகன்யா சொல்லுவாள். வீட்டில் நான் இல்லாவிட்டால் சாப்பாடு இல்லையே என்றுதான் தேடுவார்கள். இதை விட்டுவிட்டு வீட்டில் உட்கார எனக்கு மனமில்லை.

அன்று ராத்திரி சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டுக் கேட்டேன். "ஏங்க, அந்தத் தகட்ட மெய்யாலுமே படிச்சீங்களா?"

"சைனீஸ்ல ஒரு எழுத்துக்குப் பத்து அர்த்தம் இருக்குடி. அதெல்லாம் உனக்குச் சொன்னா புரியாது."

"எனக்குப் புரிய வேணாம். படிச்சீங்களா இல்லியா?"

"புருசன நம்பாத பொம்பளைக்கு எதச் சொல்லி இன்னா ஆவப்போவுது" என்று கையைக் கழுவிக்கொண்டு எழுந்துபோய்விட்டார். கிணற்றடியிலிருந்து அகராதியின் ஆரம்பத்து வார்த்தைகளின் சத்தம் கேட்டது. எனக்கு வந்த கோபத்துக்குச் சட்டியைப் போட்டு உடைத்திருப்பேன். புதுச் சட்டி என்பதால் விட்டேன்.

இன்ஜினியர் வந்த அன்று கம்பெனி வாசலில் கோலம் போட்டார்கள். வந்தவர் லின் என்ற சின்னப் பையன். முகக்கவசம், முதுகில் பை, கையில் கைபேசி. சால்வை போர்த்தியதும் குளிருக்குக் கொடுத்தது என்று நினைத்தாரோ என்னவோ, அந்த வெயிலிலும் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

செல்லப்பன் சார் எங்கள் வீட்டுக்காரரை முன்னால் தள்ளினார். இவர் கோட்டு போட்டிருந்தார். ஒரு வாரமாகக் கண்ணாடி முன்னால் நின்று தயார் செய்த சீன வரவேற்புரையை, கையை ஆட்டி, கண்ணை உருட்டி, மூச்சு விடாமல் ஒப்பித்தார். லின் தலையைச் சாய்த்து மிக மரியாதையாகக் கடைசிவரை கேட்டார். கேட்டுவிட்டு, "சாரி, இங்கிலீஷ் நோ. ஒன்லி சைனீஸ்" என்றார்.

சுகன்யா துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டாள்.

லின் தன் கைபேசியை எடுத்து அதில் ஏதோ பேசினார். அது ஒரு விநாடி யோசித்து, கணீரென்ற பெண் குரலில், "தங்கள் அனைவரையும் சந்தித்ததில் பெருமகிழ்ச்சி அடைகிறேன். இயந்திரம் எங்குள்ளது?" என்றது.

"இன்னா சார், நூஸ் வாசிக்கிற அம்மா மாரி பேசுது?" என்றார் நடேசண்ணன்.

மெஷின் முன்னால் வந்ததும் லின் அப்படியே நின்றுவிட்டார். கொக்கிகளில் காய்ந்த சாமந்தி தொங்கிக்கொண்டிருந்தது. குனிந்து ஒவ்வொரு கொக்கியாகப் பார்த்தார். நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். அவர் பேசியதைக் கைபேசி அதே கணீர்க் குரலில் சொன்னது: "இவை ஏன் இன்னும் அகற்றப்படவில்லை? இவற்றின் மீது மலர்கள் ஏன் உள்ளன?"

"அது மால கட்ற கொக்கி இல்லியா?" என்று நடேசண்ணன் பரிதாபமாகக் கேட்டார்.

லின் கட்டை விரலால் தகட்டின் மேல் இருந்த சந்தனத்தைத் தேய்த்தார். நடேசண்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். காய்ந்த சந்தனம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. கேமராவை நீட்டியதும் சிவப்பு எழுத்து திரையில் தமிழாக மாறியது. அதை எங்கள் எல்லோருக்கும் தெரியும்படி திருப்பிக் காட்டினார். 'வண்டியில் கொண்டுவரும்போது ஆடாமல் இருப்பதற்கான கொக்கிகள் இவை. இயக்கும் முன் நான்கையும் கழற்றவும்.'

ஒற்றுமையைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

எல்லோரும் மெதுவாக எங்கள் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார்கள். அவர் மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியை மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செல்லப்பன் சாருக்குத்தான் முகம் வெளுத்தது. அவர் கணக்கு எனக்கு நின்ற இடத்திலேயே விளங்கிவிட்டது. படித்தவர் மேல் தப்பு என்றால், சீனம் தெரிந்த ஊழியர் இருக்கிறார் என்று ஹெட் ஆபீசுக்குப் போட்ட மெயில் பொய் என்றாகிவிடும். சந்தனம் மேல் தப்பு என்றால், தேங்காய் உடைத்தவர் அவரே. லின் கொடுக்கும் ரிப்போர்ட்டில் ஏதாவது ஒரு காரணம் இருந்தாக வேண்டும். மிச்சம் இருந்தது நான்தான்.

சார் லின்னின் கைபேசி அருகில் வாயை வைத்து, "அந்தம்மாவுக்கு சரியா ஓட்டத் தெரியல சார், நாங்க எவ்ளோ சொல்லியும் கேக்கல" என்றார். கைபேசி சீனத்தில் எதையோ சொன்னது. லின் புருவத்தைச் சுருக்கித் தலையை ஆட்டினார். நடேசண்ணன், ஒருவேளை அதற்குக் காது மந்தமோ என்று, "ஓட்டத் தெர்லங்க! இதுக்கு!" என்று கத்திப் பார்த்தார். அதற்குக் கைபேசி வாயே திறக்கவில்லை. எங்கள் பேச்சுத் தமிழ் அதன் காதில் ஏறவில்லை.

செல்லப்பன் சார் என்னைப் பார்த்தார். "ஜோஸ்பின், நீதானே சர்ச்ல வாசகம் படிக்கிறது? நீ அந்த மாதிரித் தமிழ்ல சொல்லு. 'இயந்திரத்தை இயக்குபவருக்குப் போதிய திறமை இல்லாததால் தவறு நேர்ந்தது.' இவ்வளவுதான். சொல்லிடு, மத்தத நான் பாத்துக்கறேன்" என்றார்.

என்மேல் போடும் பழியை நானே நல்ல தமிழில் படித்துக் கொடுக்க வேண்டுமாம். லின் கைபேசியை என் கையில் கொடுத்தார். அது சூடாக இருந்தது.

எனக்கு வாசிக்கத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மேடையில் நின்று, 'சகோதரரே' என்று ஆரம்பித்தால் கடைசி பெஞ்சுவரை கேட்கும். இந்தக் கைபேசிக்கும் கேட்கும். அதில் நான் உண்மையைச் சொல்லலாம். வாசித்தவர் என் கணவர், வாசிக்காமலே வாசித்ததாகச் சொன்னார் என்று இரண்டே வரி. சொன்னால் என் வேலை பிழைத்துக்கொள்ளும். ஆனால் அந்த மனிதர் நாளைக்கு எந்த முகத்தை வைத்துக்கொண்டு ஊருக்குள் நடப்பார்? பேனர் வைத்த பையன்களே கேலி பேசுவார்கள். சொல்லாவிட்டால் நாளைக் காலையில் பஸ் என் வீட்டு முனையில் நிற்காமல் போய்விடும். தப்பு செய்தவர் விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்க, எதைச் சொல்வது என்ற பாரம் என் தலையில் விழுந்ததை நினைத்து எனக்கு அழுகை வந்தது. துக்கத்தில் வந்த அழுகை இல்லை, ஆத்திரத்தில் வந்தது. அந்த நேரத்தில் எனக்கு அவர் மேல் இருந்த கசப்பை எந்த மொழியிலும் சொல்ல முடியாது. கைபேசியை வாயருகே கொண்டுபோனேன், மறுபடி கீழே இறக்கினேன்.

அப்போதுதான் எங்கள் வீட்டுக்காரர் விசிறியிலிருந்து பார்வையை இறக்கினார். என்னைப் பார்த்தார். தன் கைபேசியை எடுத்து அகராதியைத் திறந்தார். மனப்பாடத்தை ஓட்டவில்லை. ஒரு விரலால் ஆங்கிலத்தில் ஏதோ தட்டினார், பார்த்தார், வாய்க்குள் சொல்லிக்கொண்டார். மறுபடி தட்டினார். அழித்து அழித்துத் தட்டினார். செல்லப்பன் சார், "பிரிட்டோ, நீங்க சும்மா இருங்க" என்றார். இவர் கேட்காமல் லின் முன்னால் போய் நின்றார்.

"வோ..." என்றார். தன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். "வோ... த்ஸ்வோ."

லின் காதைக் கொடுத்தார். புரியவில்லை. இவர் மறுபடி சொன்னார். பிறகு என் பக்கம் கையைக் காட்டி, திரையைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். "ச்சீட்ஸ... மேய்யோவ்... த்ஸ்வோ." வரவேற்புரையில் இருந்த உருட்டல் மிரட்டல் எதுவும் இல்லை.

லின் முகம் மாறியது. இவர் சொன்னதையே சரியான உச்சரிப்பில் திருப்பிச் சொல்லி, இதுதானே என்பதுபோல் பார்த்தார். இவர் வேகமாகத் தலையை ஆட்டினார். லின் என் கையில் இருந்த கைபேசியின் பக்கம் குனிந்து அந்த வாக்கியத்தை அதில் சொன்னார்.

அது மொத்த ஹாலுக்கும் கேட்கும்படி, செய்தி வாசிக்கும் குரலில் சொன்னது: "தவறு என்னுடையது. என் மனைவி தவறு செய்யவில்லை."

நான் அந்தக் கைபேசியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில், சோறு தீய்ந்ததிலிருந்து பஞ்சாயத்துக்குப் போனது வரை எத்தனையோ சண்டை போட்டிருக்கிறோம். ஒரு தடவைகூட அந்த மனிதர் வாயிலிருந்து இந்த வார்த்தை வந்ததில்லை. அது வருவதற்குச் சீனா போய்ச் சுற்றிக்கொண்டு வர வேண்டியிருந்தது. ஆனாலும் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு லின் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. ஸ்பேனரை எடுத்து நான்கு கொக்கிகளையும் கழற்றினார். மாலைகளை மட்டும் பத்திரமாக எடுத்து நடேசண்ணன் கையில் கொடுத்தார். ஸ்விட்சைப் போடச் சொல்லி எனக்குச் சைகை காட்டினார். போட்டேன். தரை அதிரவில்லை. மூடிகள் ஒன்றன் பின் ஒன்றாக நிமிர்ந்து வந்து பாட்டில் மேல் உட்கார்ந்தன. சுகன்யா என் முதுகில் ஒரு தட்டு தட்டினாள்.

லின் ரிப்போர்ட்டைச் சீனத்தில் எழுதிக் கையெழுத்து போட்டுக் கொடுத்தார். செல்லப்பன் சார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பழக்கதோஷத்தில் எங்கள் வீட்டுக்காரரிடம் நீட்டினார். "என்ன எழுதியிருக்காரு?"

"எனக்குத் தெரியாது சார்" என்றார் இவர்.

அவர் அதைச் சொன்ன நிம்மதியைப் பார்க்க வேண்டும். சார் தானே கேமராவைக் காட்டிப் படித்துக்கொண்டார். ஆபரேட்டர் மேல் குறை இல்லை என்று அதில் இருந்தது. என் மெமோக்களைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். எங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு மெமோ கொடுத்து, கோட்டோடு ஸ்டோர்ஸுக்கே அனுப்பிவைத்தார்கள். சீனப் பயிற்சிக்குச் செல்லப்பன் சாரே போகப்போகிறாராம். மறுநாள் அவர் அறையைத் தாண்டிப்போனபோது உள்ளே அகராதிப் பெண்ணின் குரல் கேட்டது. அவரும் முதல் வார்த்தையிலிருந்துதான் ஆரம்பித்திருந்தார்.

லின் வந்துபோன அன்று சாயந்திரம் நான் கம்பெனி பஸ்ஸில் ஏறவில்லை. இவருடைய வண்டியில் பின்னால் உட்கார்ந்தேன். வழியில் பேனர் பக்கம் வந்ததும் தலையைக் குனிந்துகொண்டு ஓட்டினார். எனக்குப் பாவமாக இருந்தது. அதே சமயம் விடவும் மனசில்லை.

"ஏங்க" என்றேன். "ஃபோன் சொன்னத நீங்க ஒரு தடவ சொல்லுங்களேன். தமிழ்ல."

எதிரே யாரும் வராதபோதே ஹாரன் அடித்தார்.

"அதான் எல்லாருக்கும் கேட்டுச்சே."

"எனக்கு மட்டும் சொல்லுங்க."

வேகத்தைக் குறைத்தார். தொண்டையைச் செருமினார். கழுத்தைத் திருப்பி ஏதோ சொல்ல வாயெடுத்தார், மூடிக்கொண்டார். மறுபடி வாயெடுத்தார்.

"தமிழ்ல வரமாட்டேங்குதுடி. பழக்கம் பத்தல" என்றார்.

"அப்ப நாளையிலேர்ந்து பழகுங்க, நான் மார்க் போடறேன்" என்று சொல்லி, விழாமல் இருக்க அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன்.